அடுப்பு வேண்டாம், அளவு வேண்டும்: நம்ம உருண்டை சேவை

ஓம் சரவணபவ.



தைப்பூசம் முடிஞ்சதிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வந்துகிட்டு இருக்கு. "காவடி இறக்கினவங்களுக்கும் பால்குடம் எடுத்தவங்களுக்கும் சின்னதா ஒரு உருண்டை கொடுத்தீங்களே, அதுல என்ன போட்டீங்க? வீட்டுல நாங்களும் செய்யலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல. அதனால மொத்தமா இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. செய்முறை மட்டும் வேணும்னா நடுவுல இருக்கு. ஆனா ஏன் இப்படிச் செய்றோம், ஏன் அவ்வளவு சின்னதாப் பிடிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் படிச்சா நல்லது.

இளைஞர் அணித் தம்பிங்க இதை 'எனர்ஜி பால்', 'புரோட்டீன் பால்' என்கிறாங்க. ஜிம்முக்குப் போறவங்க சாப்பிடுற சாமான். பெரிய கடைகள்ல கண்ணாடி டப்பாவுல அழகா அடுக்கி வைச்சிருப்பாங்க. அவனில் வேகவைக்க வேண்டாம், எண்ணெயில பொரிக்க வேண்டாம். அரைச்சு, பிசைஞ்சு, உருட்டினா முடிஞ்சது என்பதுதான் அதன் சிறப்பாம். இதைக் கேட்டு நம்ம அம்மாமார்கள் சிரிச்சுட்டாங்க. "இதுக்குப் பேரு உருண்டைப்பா. எங்க பாட்டி காலத்திலேயே இருக்கு" என்றாங்க.

உண்மைதான். இந்த வட்டாரத்துல நம்ம குடும்பங்கள் பலவும் ரப்பர் தோட்டத்திலிருந்தும் செம்பனைத் தோட்டத்திலிருந்தும் வந்தவை. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நிக்கணும். அந்த நேரத்துல அடுப்பு மூட்டிச் சமைக்க எல்லாராலும் முடியாது. லயத்து வீட்டு டின்னில் எள்ளுருண்டையோ கடலை உருண்டையோ பொரிவிளங்காய் உருண்டையோ இருந்தா, ரெண்டை எடுத்துத் துணியில முடிஞ்சுகிட்டு, ஒரு குவளை கறுப்புக் காப்பியைக் குடிச்சுட்டு மரம் சீவக் கிளம்பிடலாம். வயித்துல நிக்கும், கெட்டுப் போகாது, கை கழுவத் தண்ணி கிடைக்காத இடத்திலும் சாப்பிடலாம்.

பொரிவிளங்காய் உருண்டை சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், அது கல்லு மாதிரி இருக்கும். அரிசி, பச்சைப் பயறு, கடலை எல்லாத்தையும் வறுத்து மாவாக்கி, வெல்லப் பாகு ஊத்திச் சூட்டோட சூடா பிடிப்பாங்க. தானியமும் பருப்பும் கொட்டையும் ஒண்ணா சேர்ந்தா உடம்புக்கு வேண்டிய புரதம் முழுமையா கிடைக்கும் என்று இன்றைக்கு உணவியல் நிபுணர்கள் சொல்றாங்க. எந்தப் படிப்பும் இல்லாம அதைக் கையில உருட்டிக் காட்டினவங்க நம்ம பாட்டிமார்.

அடுப்பு தேவைப்படாத உணவு நம்ம வழிபாட்டுக்கும் புதுசு இல்லை. கந்தபுராணத்துல கிழவர் வேஷத்துல வந்து பசிக்குதுன்னு கேட்ட முருகப்பெருமானுக்கு வள்ளியம்மை தினைப்புனத்துல கொடுத்தது என்ன? தேனும் தினைமாவும். அந்த நினைவுல இன்னிக்கும் முருகன் சந்நிதிகள்ல தினைமாவு படைக்கிறோம். பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்குங்க. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சம்பழமும் கற்கண்டும். எதையும் வேகவைக்கிறது இல்லை, ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கிறதும் இல்லை. 2019-ல் அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. மாவிளக்கு மாவும் அப்படித்தான்: பச்சரிசி மாவும் வெல்லமும், அடுப்பே கிடையாது. குசேலர் கண்ணனுக்குக் கொண்டு போன அவலும் வழியில கட்டிக்கிட்டுப் போற உணவுதான். நடந்து போற பக்தனுக்கும் அவனைப் பார்க்கக் காத்திருக்கிற சாமிக்கும் ஒத்துப்போற உணவு இது.

சரி, இப்ப மனசுல இருக்கிற விஷயத்துக்கு வர்றோம்.

தைப்பூசத்துக்கு முந்தி ஆலயத்துல இந்த உருண்டை பத்திப் பேச்சு வந்தப்போ ரெண்டு பக்கமா பிரிஞ்சுட்டோம். அம்மாமார்கள் சொன்னது: "வெல்லம் இல்லாம என்ன உருண்டை? பாகு காய்ச்சிப் பிடிச்சாத்தான் ருசி. சாமி காரியத்துல கஞ்சத்தனம் வேண்டாம்." இளைஞர் அணிப் பெண் ஒருத்தி, தாதியாக வேலை பார்க்கிறவங்க, எழுந்து கேட்டாங்க: "அக்கா, நம்ம அன்னதான வரிசையில நிக்கிறவங்கள்ல எத்தனை பேர் இனிப்பு நீருக்கு மாத்திரை போடுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இந்த அறையிலேயே எத்தனை பேர்?"

யாரும் கை தூக்கச் சொல்லல. ஆனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துகிட்டோம். கணக்குத் தெரிஞ்சு போச்சு.

அரசாங்கம் 2019-ல் நடத்திய தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போ நீரிழிவு இருந்துச்சு. ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருத்தர். இனவாரியா பார்த்தா இந்தியர்கள்தான் முதல் இடம். எந்தெந்தப் போட்டியிலோ முதல்ல வரணும்னு பிள்ளைகளுக்கு அர்ச்சனை பண்றோம், இதுல முதல்ல வந்து நிக்கிறோம். ஆலயத்துக்கு வர்ற குடும்பங்கள்ல கால் விரலை எடுத்தவங்க, வாரம் மூணு தடவை டயாலிசிஸ் போறவங்க, கண் பார்வை மங்கினவங்க இருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம், உங்க வீட்டுலயும் இருப்பாங்க.

நம்ம சனங்களுக்கு அன்புன்னா இனிப்பு. விருந்தாளி வந்தா இனிப்பு, பிள்ளை பாஸ் பண்ணா இனிப்பு, சாமிக்கு இனிப்பு. வேண்டாம்னு சொன்னா "பிரசாதம்தானே, ஒண்ணும் செய்யாது" என்று கையில திணிப்போம். பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கும் மனசு வராது. அந்தத் தர்மசங்கடத்துல நாம யாரையும் நிறுத்தக் கூடாது. ஆலயம் கொடுக்கிற அன்புக்கும் ஒரு அளவு வேணும்.

கடைசியில எல்லாரும் ஒத்துக்கிட்டது இது. நைவேத்தியத்துல கை வைக்கல. சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் பரம்பரையா எப்படியோ அப்படியே; ஆனா கொடுக்கும்போது கிண்ணம் வேண்டாம், ஒரு சின்னக் கரண்டி போதும். களைச்சு வர்றவங்களுக்குப் பசி தீர்க்கக் கொடுக்கிற உருண்டை வேற. அதுல வெல்லப் பாகு கிடையாது. எடை போட்டுப் பிடிப்போம். என்னென்ன சேர்த்திருக்கோம்னு தட்டு பக்கத்துலயே அட்டையில எழுதி வைப்போம்.

இனி செய்முறை.

தேவையான பொருட்கள் (40 உருண்டைக்கு):

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை – 250 கிராம்
பொட்டுக்கடலை – 250 கிராம்
விதை நீக்கிய, மெதுவான பேரீச்சம்பழம் – 300 கிராம்
எள் – 100 கிராம்
தினைமாவு – 100 கிராம்
ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி – ஆளுக்குக் கொஞ்சம்
உப்பு – ஒரு சிட்டிகை

முன் வேலை: எள்ளை வெறும் சட்டியில வறுங்க, படபடன்னு பொரிஞ்சதும் இறக்கிடணும். தினைமாவையும் வாசம் வர்ற வரைக்கும் சிறு தீயில வறுங்க. பச்சை மாவை அப்படியே சேர்க்க வேண்டாம், வயித்துக்கு ஆகாது. இந்த ரெண்டையும் முதல் நாளே வறுத்து ஆற வைச்சுட்டா அடுத்த நாள் அடுப்பே தேவையில்லை. பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்ததுதான். தினை கிடைக்கலன்னா கேழ்வரகு மாவை இதே மாதிரி வறுத்துச் சேர்க்கலாம்.

அரைக்கிறது: பொட்டுக்கடலையை நல்ல மாவா அரைச்சுக்குங்க. இதுதான் நம்ம 'புரோட்டீன் பவுடர்', டப்பா வாங்க வேண்டியதில்லை. வேர்க்கடலையை விட்டு விட்டு ஓட்டி ரவை மாதிரி எடுங்க. விடாம ஓட்டினா எண்ணெய் பிரிஞ்சு பீனட் பட்டர் ஆயிடும். பேரீச்சம்பழத்தைத் தனியா மசிச்சுக்குங்க. கெட்டியா இருந்தா தட்டுல பரப்பி அரை மணி நேரம் வெயில்ல வைங்க, இளகிடும். தண்ணியில ஊற வைக்காதீங்க.

பிடிக்கிறது: எல்லாத்தையும் பெரிய தாம்பாளத்துல கொட்டிக் கையால நல்லா பிசையணும். முதல்ல உதிர் உதிரா இருக்கும், பயப்படாதீங்க. கைச் சூட்டுல கடலை எண்ணெயும் பேரீச்சம்பழப் பிசினும் சேர்ந்து தானா பிடிச்சுக்கும். அப்பவும் சேரலன்னா இன்னும் ரெண்டு பேரீச்சம்பழம், இல்லாட்டி ஒரு தேக்கரண்டி உருக்கின நெய். கை உலர்ந்திருக்கணும். உள்ளங்கையில ஒரு துளி நல்லெண்ணெய் தடவிக்குங்க. பெரிய நெல்லிக்காய் அளவு, தராசுல வைச்சா 25 கிராம். முதல் நாலஞ்சு உருண்டையை எடை போட்டுப் பார்த்தா அப்புறம் கையே அளவு சொல்லிடும்.

தண்ணி வேண்டாம்னு ஏன் இவ்வளவு சொல்றோம்? ஈரம் இல்லாத இடத்துல கிருமி வளராது. பழத்துல இருக்கிற சர்க்கரை மிச்ச ஈரத்தையும் பிடிச்சு வைச்சுக்கும். பஞ்சாமிர்தம் கெடாம இருக்கிற ரகசியமும் இதுதான். நம்ம ஜொகூர் புழுக்கத்துல ஒரு கரண்டித் தண்ணி விழுந்தா மறுநாளே புளிச்ச வாடை வந்துடும். காத்துப் புகாத டப்பாவுல வெளியில மூணு நாலு நாள், ஃப்ரிட்ஜில் ரெண்டு வாரம் வைச்சுக்கலாம். எண்ணெய்க் காறல் அடிச்சா தூக்கிப் போட்டுடுங்க.

கடலை வாங்கும்போது ஒரு கவனம். சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எல்லாத்தையும் பொறுக்கி எறியுங்க. ஈரம் பட்ட கடலையில வர்ற பூஞ்சைக்கு ஒரு நச்சு உண்டு, கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுசாப் போகாது. பொறுக்குற வேலையை எங்க குழுவுல வயசான பாட்டிமார் எடுத்துக்கிட்டாங்க. தரையில உட்கார முடியாது, நாற்காலி போட்டுக் கொடுத்தோம். கந்தர் சஷ்டி கவசம் பாடிகிட்டே ரெண்டரை கிலோ பொறுக்கி முடிச்சாங்க.

இப்ப கணக்கு. இந்த அளவுல பிடிச்ச ஒரு உருண்டையில ஏறத்தாழ 100 கலோரி, மூன்றரை கிராமுக்கு மேல புரதம், பழத்திலிருந்து வர்ற சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு கோழி முட்டையில 6 கிராம் புரதம்னு வைச்சா, ரெண்டு உருண்டை ஒரு முட்டைக்கு மேலயே வரும். விரத நாள்ல இது பெரிய விஷயம்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். "வெள்ளைச் சீனி போடல, அதனால எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்" என்று சிலர் நினைக்கிறாங்க. இல்லைங்க. பேரீச்சம்பழம், தேன், வெல்லம், கருப்பட்டி, கூலா மலாக்கா எல்லாமே உள்ளே போனா சர்க்கரைதான். பேரீச்சம்பழத்துல நார் இருக்கு, கூடவே கடலையும் எள்ளும் இருக்கு, அதனால சர்க்கரை மெதுவா ஏறும், அவ்வளவுதான். பத்து உருண்டை சாப்பிட்டா ஆயிரம் கலோரி. இனிப்பு நீர் உள்ளவங்க தங்கள் மருத்துவரைக் கேட்டுகிட்டு ஒண்ணு எடுத்துக்கலாம். கிட்னிப் பிரச்சினை உள்ளவங்களுக்குக் கடலையும் பேரீச்சம்பழமும் ஆகாம போகலாம், அவங்க கட்டாயம் கேட்கணும். "சுகர்காரங்களுக்கான உருண்டை" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க, நாங்க அப்படிச் சொல்லல.

தைப்பூசத்தன்று நாங்க கடைப்பிடிச்ச ஒழுங்கையும் சொல்றோம், வேற ஆலயத்துத் தொண்டர்களுக்கும் உதவும்.

நேர்த்திக்கடன் செலுத்தி முடிச்சவங்களுக்கு மட்டும் கொடுத்தோம். விரதத்துல இருக்கிறவங்க முன்னாடி தட்டை நீட்டல. வெயில்ல வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி, இல்ல மோர். கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கின பிறகு உருண்டை. தாகத்தோட இருக்கிற வாயில உலர்ந்த உருண்டை இறங்காது. மருந்து சாப்பிடுறவங்க விரதம் இருந்து, கை நடுங்கி வேர்த்து விறுவிறுத்தா அது சர்க்கரை இறங்குற அறிகுறியா இருக்கலாம். அப்போ உருண்டை கொடுக்காதீங்க. அதுல கடலை எண்ணெய் இருக்கிறதால மெதுவாத்தான் வேலை செய்யும். சீனித் தண்ணியோ பழச்சாறோ உடனே கொடுக்கணும். நினைவு தப்பினவங்க வாயில எதையும் வைக்கக் கூடாது, 999-க்குக் கூப்பிடுங்க.

வேர்க்கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாது, உயிருக்கே ஆபத்தாகும். அதனாலதான் அட்டையில எழுதி வைச்சோம், கேட்டுட்டும் கொடுத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில சிக்கும், நைசா அரைச்சுச் சின்னச் சின்னதா பிய்ச்சுக் கொடுங்க. தேன் சேர்த்துப் பிடிச்சா ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நாக்குல தடவக்கூடக் கூடாது. சாமிக்குப் படைச்ச தேனா இருந்தாலும் அப்படித்தான்.

தம்பிங்க சிலர் மைலோ தூள் சேர்த்தா பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்னாங்க. சேர்த்துப் பார்த்தோம், பிள்ளைகள் விரும்பினாங்கதான். ஆனா அதுலயும் சீனி. பிறகு மைலோவை நிறுத்திட்டு ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைகளையே உட்கார வைச்சு உருட்ட விட்டோம். தானே உருட்டினதை எந்தப் பிள்ளையும் மிச்சம் வைக்கல. கோணல் மாணலா இருந்தாலும் "இது நான் பிடிச்சது" என்று பேர் சொல்லித் தேடி எடுத்தாங்க.

இந்த ஊருக்கு இந்த உருண்டை ஏன் வேணும்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆத்தோரம் வாழற ஊர் இது. 2006 டிசம்பரிலும் அடுத்து 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகி, சில வார இடைவெளியில பட்டணம் ரெண்டு முறை மூழ்கினதை அப்போ இங்கே இருந்த யாரும் மறக்க மாட்டாங்க. முதல் வெள்ளத்துச் சேற்றைக் கழுவி முடிக்கறதுக்குள்ள ரெண்டாவது வந்துடுச்சு. வெள்ளம் வந்தா முதல்ல போறது அடுப்படி. கேஸ் தோங் மிதக்கும், அரிசி நனையும், கரண்ட் இருக்காது. அந்த நேரத்துல கையில எடுத்து அப்படியே வாயில போடுற மாதிரி ஏதாவது இருந்தா அதுதான் சோறு.

அதனால ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மழை தொடங்கறதுக்கு முந்தி, வறுத்து அரைச்ச மாவைத் தனியாவும் பேரீச்சம்பழத்தைத் தனியாவும் கட்டி உயரமான இடத்துல வைக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். தேவை வந்தா ஒரு தாம்பாளம் போதும், பிசைஞ்சு பிடிச்சு அனுப்பிடலாம். நிவாரண மையத்துக்கு அனுப்புறதைச் சாமிக்குப் படைக்காமதான் அனுப்புவோம். அங்கே மலாய்க்காரர், சீனர், ஒராங் அஸ்லி எல்லாருமே இருப்பாங்க. படைத்ததைச் சாப்பிட அவங்கள்ல சிலருக்குத் தடை இருக்கும். பசிச்சவருக்குத் தயக்கம் இல்லாம சாப்பிடக் கிடைக்கணும், அதுவும் அன்னதானத்துல சேர்த்திதான். முட்டை, இறைச்சிக் கொழுப்பு, ஜெலட்டின் எதுவுமே இல்லாததால எல்லார் வீட்டுத் தட்டுக்கும் ஒத்துப்போகும்.

வீட்டுல செய்றவங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போற பிள்ளைங்க சிங்கப்பூர் பாலம் தாண்ட விடியக்காலையிலேயே கிளம்புறாங்க. வெறும் வயித்தோட மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போறாங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாற்பது உருண்டை பிடிச்சு வைச்சா, ஆளுக்கு ரெண்டு வீதம் பையில போட்டு அனுப்பலாம். அன்னிக்குப் பெரட்டுக்குப் போனவங்களுக்குப் பாட்டி முடிஞ்சு கொடுத்தது மாதிரி, இன்னிக்கு நாம ஜிப் பையில போட்டுக் கொடுக்கப் போறோம்.

வயசானவங்க தனியா இருக்கிற வீடு உங்க தாமானில் இருந்தா, நாலு உருண்டை கொண்டு போய்க் கொடுங்க. கொடுக்கும்போது "சுகர் இருக்கா ஆயா? மருந்து போட்டாச்சா?" என்று கேளுங்க. அந்தக் கேள்வியும் சேவைதான். பல பேர் மருந்து தீர்ந்து போச்சுன்னு அப்போதான் சொல்லுவாங்க. கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னா எங்களிடம் சொல்லுங்க, தொண்டர்கள்ல கார் வைச்சிருக்கிறவங்க மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போறோம்.

உபயம் செய்ய விரும்புறவங்களுக்கு: பணம் வேண்டாம், பொருளா கொடுங்க. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், தினை, பேரீச்சம்பழம். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்க. வீட்டுல மிஞ்சினதைக் கொண்டு வர வேண்டாம், புதுசா வாங்கினதா இருக்கட்டும். பொருள் கொடுக்க முடியாதவங்க கையைக் கொடுங்க. பொறுக்க, அரைக்க, உருட்ட, அட்டையில எழுத எல்லாத்துக்கும் ஆள் தேவை. நகம் வெட்டி, தலை கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வரணும், அவ்வளவுதான் விதி. காய்ச்சல், இருமல் இருந்தா அந்த வாரம் வீட்டுல இருந்து ஓய்வெடுங்க.

செய்து பார்த்தவங்க படம் போடுங்க, என்ன மாத்தினீங்கன்னு கீழே எழுதுங்க. உங்க வீட்டுப் பாட்டி வேற மாதிரிப் பிடிப்பாங்கன்னா அதையும் எழுதுங்க, பச்சைப் பயறு போட்டதோ, அவல் போட்டதோ, எதுவானாலும் சரி. நாங்களும் கத்துக்குறோம். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைச்சுக்குவோம்.

எல்லாரும் நோய் நொடி இல்லாம, அளவோட உண்டு, நிறைவோட வாழ வள்ளி மணாளன் அருள் புரியட்டும்.

வேலும் மயிலும் துணை.

— ஆலயத் தொண்டர்கள், கோத்தா திங்கி